முகிலினி என்று எழுதவும்

12 ஜனவரி, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. மகளுக்கு ஆறாம் ஆண்டு. வகுப்பு வரை கூடவே போனேன். மேசையில் வண்ணத்தாளை வெட்டி ஒட்டியிருந்த பெயர்: முக்கலினி.

போன வருஷம் மூகாலினி. அதற்கு முந்தின வருஷம் முகில்னி. முன்னேற்றமே இல்லை என்று சொல்ல முடியாது, தப்பாவது புதுசு புதுசாக வருகிறது. தமிழில் எழுதும்போது யாருக்கும் தடுமாற்றம் இல்லை. ரூமி எழுத்தில், அதாவது மலாய்க்கு எழுதுகிற ஏ பி சி-யில் எழுதும்போதுதான் ஆளாளுக்கு ஒரு முகிலினியைப் பெற்றெடுக்கிறார்கள்.

போன வருஷம் பெற்றோர் வாட்சப் குரூப்பில் இதைப் பற்றி நீளமாக ஒன்று எழுதிப் போட்டேன். கோபத்தில் எழுதியதில் என் எழுத்திலேயே நாலு பிழை. ஒருவர் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு ராணி சொன்னாள்: "என்னங்க, உங்களுக்கு எழுதித்தான் ஆவணும்னா ஒரு நோட்டுல எழுதுங்க. ஊருக்குத் தொல்ல இல்ல, எனக்கும் மானம் மிஞ்சும்."

இன்சூரன்ஸ் ஏஜண்டு கொடுத்த டைரி இருந்தது. அதில்தான் இது.

13 ஜனவரி, செவ்வாய்

தாளை மாற்றிவிட்டார்கள். இப்போது முகிலீனி. நீட்டிவிட்டார்கள். "பரவால்ல" என்று ராணி சொன்னாள். நான் சொல்லவில்லை.

20 ஜனவரி, செவ்வாய்

மகளுக்குக் கடைவாயில் பல் வலி. மலாக்காவில் ஒரு பல் கிளினிக்குக்கு போன் போட்டேன். எடுத்தது ஒரு மலாய்ப் பெண். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னால் தப்பு வராது என்று யாரோ சொன்னார்கள். சொன்னேன். "எம், மலாக்கா. யூ, ஊபாட். ஜி, கூலா..."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: மருந்து என்கிறீர்கள், சீனி என்கிறீர்கள், பிள்ளைக்கு இனிப்பு நீர் வியாதியா?

இல்லையம்மா, பெயரைச் சொல்கிறேன் என்றேன்.

போய்ச் சேர்ந்தபோது அட்டையில் பெயர் முகுலின். பக்கத்தில் பேனாவால் ஒரு கேள்விக்குறியும் இனிப்பு நீர் என்றும். வீட்டில் ராணி சிரித்த சிரிப்பில் அவளுக்கே பல் வலி வந்துவிடும் போல இருந்தது. அவளும் ஒரு கிளினிக் கவுண்டரில்தான் வேலை செய்கிறாள். "நான் ஒரு நாளைக்கு எத்தன பேரத் தப்பா கூப்புடறேன் தெரியுமா? எல்லாரும் எழுந்து வந்துடுறாங்க லா. ஊசி போடணுமே!"

எழுந்து வந்துவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

24 ஜனவரி, சனி

ஏன் பிடிக்கவில்லை? ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆளுக்கு எதற்கு இவ்வளவு ரோஷம்? வேலையிடத்தில் என்னை 'கானா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் எழுந்து போகிறேன்.

என் பெயர் கணேசமூர்த்தி. அடையாள அட்டையில் கானசமுட்டி. டுரியான் துங்கால் பக்கத்து எஸ்டேட்டில் நான் பிறந்தபோது, பிறப்புப் பதிய அப்பா ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியிடம் சொன்னார். அந்தக் கிராணி காதில் விழுந்ததை எழுதினார். அவர் எழுதியதைப் பதிவு இலாகாவில் இருந்தவர் பார்த்து எழுதினார். அப்பாவுக்கு ரூமி படிக்கத் தெரியாது. கொடுத்த தாளை மடித்து டின்னில் வைத்தார். அவ்வளவுதான், நான் முட்டி ஆனேன்.

அண்ணன் வீரப்பன் பிறந்தது இன்னொரு டிவிஷனில், இன்னொரு கிராணி. அண்ணனின் அட்டையில் அப்பா ரங்கசாமி. என்னுடையதில் அப்பா ரெங்கசமே. இருவரும் ஒரு கையெழுத்துப் போட பேங்குக்குப் போனபோது, கவுண்டரில் இருந்தவர் இரண்டு அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "ஒரே அம்மா, ரெண்டு அப்பாவா?" என்றார். அண்ணன் அடிக்கப் போய்விட்டார். நான்தான் பிடித்து இழுத்து வந்தேன்.

எங்கே போனாலும் கேட்பார்கள், பெயர் சரியா? நானும் மனப்பாடமாகச் சொல்வேன்: "தப்புதான். ஆனா அதான் சரி." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அதனால்தான் மகள் பிறந்தபோது நானே போய் நின்று, கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பதிந்தேன். பள்ளிக் கடைசிப் பரீட்சை எஸ்பிஎம்மில் பாஸானதே இரண்டு பாடம். ஆனால் அந்த ஒரு வரியில் நான் பிழை விடவில்லை.

5 பிப்ரவரி, வியாழன்

இன்று உச்சம்.

மகள் நன்றாக ஓடுவாள். யார் மாதிரி என்று கேட்கக்கூடாது, நான் பஸ்ஸுக்கே ஓடமாட்டேன். வட்டாரப் போட்டிக்குப் பயிற்சி ஆரம்பித்திருக்கிறார்கள். பெயர்ப் பலகையில் இவளுடையது எங்கே? பெண்கள் பக்கம் இல்லை. ஆண்கள் பக்கம் இருந்தது: முகிலன், எ/எல் கானசமுட்டி. மகள் என்றால் எ/பி, மகன் என்றால் எ/எல். பெயரைத் தின்றதோடு இல்லாமல் பிள்ளையையே மாற்றிவிட்டார்கள். பையன்கள் "டேய் முகிலா" என்று கத்துகிறார்களாம்.

விளையாட்டு ஆசிரியர் யூஜின் சாரைப் பார்த்தேன். நல்ல மனுஷன், வயதில் சின்னவர்.

"சாரிண்ணே, டைப் பண்ணும்போது கம்ப்யூட்டரே மாத்திடுச்சு."

"கம்ப்யூட்டர் எ/எல்லும் போடுமா சார்?"

"அது... முகிலன்னு இருக்கேன்னு நான் போட்டேன்."

"என் பேர மட்டும் கரெக்டா தப்பா போட்டிருக்கீங்க!"

சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன். என் கோபத்துக்கு ஆயுள் கம்மி, அதுதான் பிரச்சினை.

வரும் வழியில் காரில் மகளிடம் சொன்னேன். இனிமே தப்பா கூப்பிட்டா திரும்பாத. சரியா கூப்பிடற வரைக்கும் அசையாத. நீ திரும்பித் திரும்பித்தான் அவங்களுக்குத் தைரியம்.

"டீச்சர் கூப்பிட்டாலுமா?"

"யாரு கூப்பிட்டாலும்."

"சரிப்பா" என்றாள். நல்ல பிள்ளை. சொன்னால் சொன்னபடி செய்வாள்.

11 பிப்ரவரி, புதன்

முறை வேலை செய்கிறது! வகுப்பில் மூன்று தடவை தப்பாகக் கூப்பிட்டு, இவள் அசையாமல் இருந்து, நாலாவது தடவை சரியாகக் கூப்பிட்டார்களாம். வரும் வழியில் பசார் மாலாம் என்கிற இராச்சந்தையில் அப்பம் பாலேக் வாங்கிக் கொடுத்தேன். ராணி முறைத்தாள்.

18 மார்ச், புதன்

பன்னிரண்டு வயது. கேக் செய்தது பக்கத்துத் தெரு அகதா ஆண்ட்டி. அவர் அக்கா மகளை போர்த்துகீசுக் குடியிருப்பில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அவள் பையன் பெயர் மிகெல். கேக்கைத் திறந்தால் வெள்ளைக் கிரீமில் அழகான ரூமி எழுத்தில் மிகெலினி.

"ஆண்ட்டி, இது என்ன?"

"ஏன் மூர்த்தி, நல்லாதானே இருக்கு? ஸ்டைலா இருக்கு."

வாயை மூடிக்கொண்டு கடைசி நாலு எழுத்தைத் தின்றேன். 'மிகெ' மட்டும் மிஞ்சியது.

மெழுகுவர்த்தி ஊதினதும் மகள் கேட்டாள், எனக்கு ஏன் இந்தப் பேர் வச்சீங்க? பல தடவை சொன்ன கதைதான். மறுபடியும் சொன்னேன். நீ பிறந்த வருஷம் மழையே இல்லை. அணையில் தண்ணி இறங்கி, மீன் பிடிக்கிறவன் எல்லாம் சேற்றில் பந்து விளையாடினான். குழாயில் காற்று வந்தது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரி பின்னால் அலைந்தேன், உன் அம்மா ஆஸ்பத்திரியில். நீ பிறந்த அன்றைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கறுப்பாக, குண்டாக, ஒரே ஒரு மேகம்.

"மழ பெஞ்சிச்சா?"

"இல்ல. அது போயிடுச்சு. ஆனா வந்துச்சே."

அகதா ஆண்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு, "அப்ப மிகெலினின்னா மேகமா?" என்றார்.

8 ஏப்ரல், புதன்

நாலாவது தடம் காலி.

9 ஏப்ரல், வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

அரை நாள் லீவு போட்டு வட்டாரப் போட்டித் திடலுக்குப் போனேன். பெற்றோர்கள் வேலிக்கு வெளியே. நூறு மீட்டர், பெண்கள். இதில் முதல் மூன்று பேரை மாநிலத்துக்கு எடுப்பார்கள். இரண்டு மாதமாக விடியற்காலையில் எழுந்து ஓடியது இதற்குத்தான். பிள்ளைகளை ஒரு கூடாரத்தில் உட்கார வைத்து, மைக்கில் கூப்பிட்டுத் தடம் கொடுக்கிறார்கள். யூஜின் சார் மறுகோடியில், நீளம் தாண்டுகிற பிள்ளைகளோடு.

நான் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ முக்லிஸா என்று கூப்பிட்டார்கள். ஏதோ மலாய்ப் பிள்ளை என்று நினைத்தேன். மறுபடியும் முக்லிஸா. மறுபடியும். துப்பாக்கி வெடித்தது. ஏழு பிள்ளைகள் ஓடினார்கள். எட்டு தடம். நான் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி என் பிள்ளையைத் தேடினேன்.

கூடாரத்திலிருந்து வந்தாள். காலில் ஸ்பைக், முதுகில் நம்பர். "என் பேரக் கூப்பிடவே இல்லப்பா."

வேலியைச் சுற்றிக்கொண்டு போய், பெயர் கூப்பிட்டவரின் மேசையில் கத்தினேன். மலாயும் தமிழுமாகக் கத்தினேன். அந்த மனிதர் பொறுமையாகத் தாளைக் காட்டினார். பெயர் தப்பாக வந்திருக்கிறது, மன்னிக்கணும், ஆனால் பள்ளியும் சொன்னோம், நம்பரும் சொன்னோம், மூன்று முறை. திரும்ப ஓட்ட முடியாது என்றார்.

நம்பர் சொன்னார்களா? நான் கேட்கவில்லையே.

வீட்டில் வீடியோவைப் போட்டுக் கேட்டேன். கேட்கிறது. பள்ளிப் பெயர் கேட்கிறது. நம்பர் கேட்கிறது. தெளிவாக.

அவளுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்?

அவளிடம் நான் கேட்கவில்லை. ராணி சோறு போடும்போது கரண்டியால் சட்டியைத் தட்டின சத்தத்தில் எல்லாம் இருந்தது.

11 ஏப்ரல், சனி

ரொட்டி சானாய் கடை. நானும் மகளும் மட்டும். அவள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கறியில் போட்டாள், சாப்பிடவில்லை.

"அப்பா. எனக்குத் தெரியும்."

"என்னது?"

"மொத தடவ தெரியல. ரெண்டாவது தடவ நம்பர் கேட்டுச்சு. நான்தான்னு தெரிஞ்சிருச்சு."

"அப்புறம் ஏன்டா எழுந்திரிக்கல?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க வேலிகிட்ட நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க."

நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வதா? கடைக்காரர் வந்து இன்னொரு தே தாரிக்கா என்று கேட்டார். வேண்டும் என்றேன். வேண்டாம் என்றேன். கொண்டுவந்துவிட்டார். குடித்தேன். சூடு தெரியவில்லை.

12 ஏப்ரல், ஞாயிறு

வருஷம் பூரா அவங்க தப்பு, அவங்க தப்புன்னு எழுதிக்கிட்டு இருந்தேன். டேய் கானசமுட்டி. ஒருத்தன் பிள்ளைய ஓட விடாம உட்கார வச்சிருக்கானே, அவன் எந்தக் கிராணிடா?

19 ஏப்ரல், ஞாயிறு

பயிற்சிக்கு மறுபடி போகிறாள். யூஜின் சார் வீட்டுக்கே வந்தார். மே மாதம் தமிழ்ப்பள்ளிகளுக்கான போட்டி இருக்கிறது, அதில் ஓட வைக்கிறேன் என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் அவரிடம் கேட்டேன். இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டதில் ராணி, "மன்னிப்ப நிறுத்திட்டு முறுக்கு சாப்பிடுங்க" என்றாள்.

அவர் போனபிறகு மகள் மெதுவாக வந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு வயது ஆனவர்கள் ஐசி, அதாவது அடையாள அட்டை, எடுக்க வேண்டும், பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள்.

"ப்பா, ஐசி எடுக்கும்போது பேர மாத்த முடியுமா? லினின்னு. ரூமில நாலு எழுத்துதான். யாரும் தப்பா எழுத மாட்டாங்க. உங்களுக்கும் சண்ட போடற வேல இல்ல."

உங்களுக்கும் என்றாள்.

"முடியுமான்னு கேக்கலாம்டா" என்றேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். அந்த மாதிரி முகம் வைப்பதில் எனக்குப் பழக்கம் இல்லை, ராணி உடனே சமையலறைக்குள் போய்விட்டாள்.

20 ஏப்ரல், திங்கள்

லினி. நல்ல பெயர்தான். மருந்துச் சோப்புக்கு வைக்கலாம்.

3 மே, ஞாயிறு

ராணி சொன்னது: "பேரு அவளுக்கு. கோவம் உங்களுக்கு. ரெண்டையும் சேத்து அவ தலையில வச்சிட்டீங்க."

சரியாகத்தான் சொல்கிறாள். எனக்கு அப்பா தப்பான பெயரைக் கொடுத்தார், சுமையாகக் கொடுக்கவில்லை. நான் சரியான பெயரைக் கொடுத்து, தூக்கவும் சொல்லி, ஓடவும் சொன்னேன்.

மகளிடம் சொல்லிவிட்டேன். எப்படிக் கூப்பிட்டாலும் எழுந்து போ. மிகெலினியோ முக்கலினியோ. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

"நெசமாவா?"

"நெசமா."

"வாட்சப்ல?"

"அதுலயும்."

16 மே, சனி

மறுபடியும் திடல், மறுபடியும் வேலி. போனை ராணியிடம் கொடுத்துவிட்டேன். கண்ணால் பார்க்கலாம் என்று.

அறிவிப்பாளர் தமிழர். நம்ம ஆள் என்று கொஞ்சம் நம்பிக்கை வைத்தேன். தாளைப் பார்த்து இழுத்தார்: "மூ... மூக்கா... மூக்கலினி!"

திடல் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது கொதித்தது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ராணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மகள் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "நான்தான் சார்!" சிரித்துக்கொண்டே போய் ஆறாவது தடத்தில் நின்றாள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

ஓடினாள். எனக்கு எழுதத் தெரியவில்லை, எப்படி ஓடினாள் என்று. இரண்டாவது. முதலில் வந்தது அவளைவிட ஒரு முழம் உயரமான பிள்ளை, இல்லாவிட்டால் முதல்தான், நான் சொல்வது நியாயம்.

மூச்சு வாங்கிக்கொண்டே நேராக, முடிவு எழுதுகிற மேசைக்குப் போனாள். அங்கே ஒரு டீச்சர். நான் வேலியில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டேன், பழக்க தோஷம். ராணி, "காலை எறக்குங்க" என்றாள். இறக்கினேன்.

தூரத்தில் இருந்து பார்த்தோம். மகள் ஏதோ சொன்னாள். டீச்சர் எழுதினார். மகள் தலையை ஆட்டி இல்லை என்றாள். டீச்சர் அடித்துவிட்டு மறுபடி எழுதினார். மறுபடியும் இல்லை. குனிந்து, விரலால் மேசையில் எழுதிக் காட்டினாள். டீச்சர் சிரித்தார், பேனாவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

பரிசு கொடுக்கும்போது மைக்கில் வந்தது: முகிலினி. சுத்தமாக. முழுசாக.

காரில் கேட்டேன், எப்படிடா?

"மொதல்லயே சொன்னா யாரு கேக்கறாங்க? ஓடி முடிச்சா அவங்களே பேரு என்னன்னு கேக்கறாங்க ப்பா. அப்ப சொன்னா எழுதிக்கிறாங்க."

மெடலைக் கடித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

2 ஜூன், செவ்வாய்

பள்ளி விடுமுறை. ஐசி எடுக்கப் பதிவு இலாகாவுக்குப் போனோம், நானும் மகளும். வழியெல்லாம் ஒன்று கேட்க வேண்டும் போல இருந்தது, கேட்கவில்லை. கேட்டால் எனக்காக ஒரு பதிலைச் சொல்லிவிடுவாள்.

கவுண்டரில் ஒரு மலாய் அக்கா. பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டினார். நானே சொன்னேன்: மகள் பெயர் மாற்றுவதைப் பற்றி ஏதோ கேட்க வேண்டும் என்றாள். சொல்லிவிட்டு, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தாக் பாயா, காக்" என்றாள் மகள். வேண்டாம் அக்கா.

"ஏன்டா, லினின்னு சொன்னியே?"

"அது கூப்பிட. இது எழுத."

அந்த அக்கா திரையை எங்கள் பக்கம் திருப்பி, எல்லாம் சரியா பார்க்கச் சொன்னார். மகள் விரலை வைத்து ஓர் எழுத்து விடாமல் படித்தாள். அவள் பெயர் சரி. விரல் எ/பி-யைத் தாண்டிப் போய் என் பெயரில் நின்றது.

அந்த அக்கா கேட்டார், அப்பா பெயரும் சரியா?

வாயைத் திறந்தேன். என் மனப்பாட வசனம் தயாராக இருந்தது.

"பெத்துல்" என்றாள் மகள். சரிதான் என்று.

அவள் சிரிக்கவில்லை. அந்த அக்காவும் தலையாட்டிவிட்டுத் தட்டினார். நாற்பத்துமூன்று வருஷமாக இந்தப் பெயரோடு இருக்கிறேன், இதைச் சரி என்று சொன்ன முதல் ஆள் இவள்தான்.

அட்டை கையில் வர மதியம் ஆகிவிட்டது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன். காரில் உட்கார்ந்து, படிம்மா என்றேன்.

"முகிலினி," என்று படித்தாள். "கானசமுட்டியோட மக."

நான் திருத்தவில்லை.